விடைத்தாளின் பின்பக்கம்

பசை அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பதுதான். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதினால் அது இரங்கல் குறிப்பாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கேட்டார். நீங்க நல்லா இருக்கும்போதே எழுதிடறேன் என்றேன். "எழுது, ஆனா பேனாவை எடுத்துட்டு என் ரூமுக்குள்ள வராதே" என்றார்.

அந்த அறையில் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். துணைவேந்தர் ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்தபோது, வாசலிலேயே அவர் சட்டைப்பையைக் காட்டி, "அதை வெளிய வச்சுட்டு வாங்க" என்று சொன்னவர் எங்கள் அக்கா. துணைவேந்தர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். கூட வந்த தலைமை நூலகருக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. அவர் சட்டைப்பையில் மூன்று பேனா இருந்தன.

நூலகத்தின் அடித்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் எங்கள் இரண்டு அறைகள். அவருடையது பழுதுபார்க்கும் அறை. நீளமான மேஜை, சின்ன மின் அடுப்பு, மாவு கரைக்க ஒரு பாத்திரம், வடிகட்ட வெள்ளைத் துணி, நாலைந்து தூரிகை, பாரம் வைக்கத் துணி சுற்றிய இரும்புக் கட்டிகள். காலையில் வந்ததும் கோதுமை மாவுப் பசை காய்ச்சுவார். நேற்றுக் காய்ச்சியதை இன்று தொடமாட்டார். கிழிந்த தாளின் ஓரத்தில் மெல்லிய திசுத்தாளை வைத்துப் பசை தடவி அழுத்தினால், கிழிசல் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். வேலை செய்யும்போது தாளோடு பேசுவார், திட்டுவார். "உன்னை எவன் இப்படி நாலா மடிச்சான், கைய ஒடிக்கணும்" என்ற குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். முதல் வாரத்தில் என்னைத்தான் திட்டுகிறார் என்று பயந்தேன்.

என் அறையில் ஒலிநாடாக்கள். பழைய டேப்புகளை ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த டேப் சில சமயம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து கையோடு வந்துவிடும். அதை உலர்த்தும் பெட்டியில் இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து எடுத்தால், ஒன்றிரண்டு தடவை ஒழுங்காக ஓடும். அக்கா என்னை டேப்பு என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நாற்பத்தாறு வயது, காதோரம் நரைத்துவிட்டது, இருந்தாலும் டேப்புதான்.

அக்காவின் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரே ஒரு புகைப்படம் உண்டு. இசைத்துறையில் முப்பது வருடம் இருந்த பேராசிரியரின் படம். மெலிந்த முகம், நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. அவர்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் இசையமைப்பாளர். பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்குகிறவர்கள் வரிசையாக நடந்து வரும்போது வாசிப்பார்களே, அந்த இசை அவர் போட்டது. நாங்கள் அதை 'நடை' என்போம். அக்கா அந்தத் துறையில் மாணவியாக இருந்தவர், பட்டம் வாங்காதவர். அது ஒரு பெரிய கதை, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அக்காவுக்கு அப்பா இல்லை. அண்ணன் ஏழு வயது மூத்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு முதலில் ஒர்க்‌ஷாப்பிலும் பிறகு பஸ்ஸிலும் வேலைக்குப் போனார், தங்கை படிக்கட்டும் என்று. தங்கை ஒவ்வொரு பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் சாயங்காலம் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். "முதல் கேள்விக்கு என்ன எழுதின, சொல்லு." தங்கை சொல்லச் சொல்ல, புரிகிறதோ இல்லையோ, தலையாட்டிக்கொண்டே கேட்பார். அக்கா நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கி வந்தால், "மீதி பத்து எங்க போச்சு?" என்பார். அவருக்குப் பாராட்டத் தெரிந்த விதம் அது.

மூன்றாம் வருடக் கடைசிப் பரீட்சை இசைக் கோட்பாடு. அன்றைக்கு அண்ணன் வெளியூர் வண்டியில் போயிருந்தார். வர மூன்று வாரம் ஆனது. அவர் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்குள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. 'தேர்வுக்கு வந்தார். விடைத்தாள் பெறப்படவில்லை.'

பரீட்சை சரியாக எழுதாதவர்கள் தாளைப் பைக்குள் செருகிக்கொண்டு நைசாக வெளியேறிவிடுவது அப்போது நடந்துகொண்டிருந்த விஷயம். அந்தப் பழி அக்கா மேல் விழுந்தது. இருபத்து நாலு தாள் கட்டிக் கொடுத்தேன் என்று ஹாலில் இருந்த கண்காணிப்பாளர் முதலில் சொன்னார். தனக்கு வந்தது இருபத்து மூன்றுதான் என்று பேராசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டதும், ஒருவேளை நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல என்று பின்வாங்கிவிட்டார். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்றார்கள். அக்கா எழுதவில்லை. "எழுதின பரீட்சைய எதுக்குத் திரும்ப எழுதணும்? எழுதினா, முன்ன எழுதலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" பிடிவாதம்தான். அந்த வயதில் அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "பேப்பரைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டா" என்று சொந்தக்காரர்களிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கல்யாணம் செய்து வைத்தார், பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே நின்றார், எல்லாம் செய்தார். ஆனால் தங்கையிடம் எந்தக் கேள்வியும் கேட்பதை நிறுத்திவிட்டார். "நல்லா இருக்கியா?" என்று கூடக் கேட்கமாட்டார், "நல்லா இருப்ப" என்பார். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், போகப் போக அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதற்றத்தில் நிஜமாகவே பைக்குள் வைத்துவிட்டோமோ? அன்று கொண்டுபோன துணிப்பையை அவர் தூக்கிப் போடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, வீட்டைச் சுத்தம் செய்யும்போது, அதன் உள்துணிக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பாராம். ஹால் டிக்கெட் மட்டும்தான் கையில் வரும். இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடமே நூலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். அங்கே வரும் பேராசிரியர்களில் இவரைக் கண்டதும் எழுந்து நின்றவர் அந்த இசைப் பேராசிரியர் ஒருவர்தான். புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற பெண்ணுக்காக நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததும் அவர்தான். "அப்படி ஒரு மனுஷன்" என்பார் அக்கா. அவர் இறந்து பல வருடம் கழித்தும் படம் சுவரில் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

போன வருடம் பேராசிரியரின் மகள் பதினாலு பெட்டி கொண்டுவந்து இறக்கினார். அவர் பல் டாக்டர். அப்பா கைப்பட எழுதிய இசைத்தாள்கள், ஒத்திகை டேப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பேராசிரியரின் எண்பதாவது பிறந்த வருடம் வருகிறது. 'நடை'யின் கையெழுத்துப் பிரதியைக் கண்டுபிடித்து, பலகையில் ஒட்டிக் கண்ணாடி போட்டு, பட்டமளிப்பு மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று தலைமை நூலகர் உத்தரவு போட்டார்.

பல் டாக்டரம்மா வாரம் ஒருமுறை வருவார். கலகலவென்று பேசுவார். 'நடை' எப்படி எழுதப்பட்டது என்பதை எங்களுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார். "அப்பாவுக்கு இசை வந்துட்டா வீட்ல பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, தாள் மேல மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு எழுதுவார். தாள் தீர்ந்துட்டா 'தாள்'னு ஒரு சத்தம் வரும். யார் இருக்காங்களோ அவங்க ஓடிப்போய்க் கொடுக்கணும், எதுவும் கேக்கக் கூடாது. 'நடை' எழுதினப்போ அம்மா ஊர்ல இல்ல. எனக்கு ஆறு வயசு. நான்தான் கொடுத்தேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்பதாவது பெட்டியை அக்கா திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். நான் ஒரு டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலச் சுவருக்கு அப்பால் திட்டு கேட்டது, துருப்பிடித்த பின்னைத் திட்டினார். பிறகு சத்தமே இல்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா அறையில் கால் மணி நேரம் சத்தம் இல்லை என்றால் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். நான் எழுந்திருப்பதற்குள் கூப்பிட்டார்.

"டேப்பு, கொஞ்சம் வா."

மேஜையில், இசைக்குறி எழுதுவதற்கென்று ஐந்து ஐந்து கோடாகப் போட்ட தாள்கள் ஆறு. ஒரு பக்கம் பேராசிரியரின் பென்சில் எழுத்து, அவசரமாக, வலப்பக்கம் சாய்ந்து. மேலே 'நடை' என்று தலைப்பு. எங்கள் உலகப் புகழ் பெற்ற, அதாவது எங்கள் காம்பவுண்டுக்குள் புகழ் பெற்ற இசை. கிடைத்துவிட்டதே அக்கா என்றேன்.

"திருப்பு."

திருப்பினேன். மறுபக்கம் நீல மசியில் வட்ட வட்டமான எழுத்து. முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி என்று வரிசையாக விடைகள். நாலாவது கேள்விக்கு எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தது. அந்த எழுத்தை நான் தினமும் பார்க்கிறேன். என் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டேப் பெட்டியின் மேலும் ஒட்டியிருப்பது அந்த எழுத்துதான்.

"இது..."

"கடைசித் தாளைப் பாரு."

கடைசித் தாளின் அடியில் சிவப்புப் பென்சிலில் 71 என்று எழுதி வட்டமிட்டிருந்தது. கீழே பேராசிரியரின் சுருக்கக் கையெழுத்து, தேதி.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நான் எழுதினேன், டேப்பு" என்றார். "நான் எழுதித்தான் இருக்கேன்." பதினாறு வருடமாக அவரை எனக்குத் தெரியும். அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடந்தது இதுதான். இசைக் கோட்பாட்டுப் பரீட்சைக்குக் கோடு போட்ட தாளில்தான் விடை எழுத வேண்டும், இசைக்குறிகளும் எழுத வேண்டியிருப்பதால். வலப்பக்கம் மட்டும் எழுதுவார்கள். இடப்பக்கம், அதாவது ஒவ்வொரு தாளின் பின்பக்கமும், காலியாக இருக்கும். பேராசிரியர் கட்டைத் திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். கையில் கோடு போட்ட தாள் தீர்ந்து, 'தாள்' என்று கத்தியிருக்கிறார். மகள் ஓடிப்போய், அகப்பட்டதைக் காலிப் பக்கம் மேலே இருக்கக் கொடுத்திருக்கிறாள்.

தலைமை நூலகரிடம் காட்டினோம். நல்ல மனிதர்தான், ஆனால் தொல்லை என்றால் ஒரு மைல் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரும் இல்ல, நம்பரும் இல்ல. நம்பர் அட்டையில இருந்திருக்கும், அட்டையைக் காணோம். வட்ட எழுத்து எத்தனையோ பேருக்கு இருக்கும்மா" என்றார். பட்டியலில் 'மறுபக்கம்: அடையாளம் தெரியாத மாணவர் பயிற்சி' என்று எழுதச் சொன்னார். "அப்புறம் பலகையில ஒட்டிடுங்க. பின்பக்கம் யார் கண்ணுலயும் படப் போறதில்ல."

"ஒட்ட மாட்டேன்" என்றார் அக்கா.

"ஏம்மா, உங்க வேலையே ஒட்டுறதுதானே?"

"கிழிஞ்சதைத்தான் ஒட்டுவேன்."

பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமை நூலகர் போய்விட்டார். அக்கா அறைக்கு வந்து, சுவரில் இருந்த பேராசிரியர் படத்தை மெதுவாகத் திருப்பி, சுவரைப் பார்க்க வைத்தார். நானாக இருந்தால் குப்பைக் கூடையில் போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அப்படி. ஒரு பெண்ணின் தாளைத் திருத்தி, தேர்ச்சி மதிப்பெண்ணும் போட்டுவிட்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்ட மனிதர் எழுந்து நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன?

அப்போதுதான் அந்தத் தேதி உறைத்தது. எங்கேயோ பார்த்த தேதி. அலமாரிக்குப் போய்த் தேடினேன். 'நடை, முதல் ஒத்திகை' என்று எழுதிய டேப் பெட்டியின் மேல் அதே தேதி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பு. மறுநாள் காலை வந்ததும் உலர்த்தும் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் வரை அக்கா ஐந்து தடவை வந்து பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். எட்டு மணி நேரம் கழித்து, இரண்டு பேரும் உட்கார்ந்து ஓட்டினோம்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம். வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிறார்கள். பேராசிரியரின் குரல், "தாளைப் பார்த்து எடுத்துக்குங்க, காப்பி எடுக்க நேரமில்ல, மூலத்தையே கொண்டு வந்துட்டேன்." பிறகு வாசிப்பவர்களில் ஒருவரின் குரல், தெளிவாக, "சார், பின்னாடி யாரோ பரீட்சை எழுதியிருக்காங்களே."

அதற்குப் பிறகு டேப்பில் யாரும் பேசவில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் நேரத்தைப் பார்த்தேன், பதினோரு வினாடி. தாள் ஒன்று திரும்பும் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு இன்னொன்று. பிறகு பேராசிரியரின் குரல், வேறு யாரோ பேசுவது போல, "அடுத்த தடவை வேற தாள்ல எழுதித் தரேன். வாசிக்கலாம். ஒண்ணு, ரெண்டு..." இசை ஆரம்பித்துவிடுகிறது.

இருபத்து மூன்று என்று அவர் கையெழுத்துப் போட்டது, அக்கா மறக்காத தேதி, இதற்கு ஒரு வாரம் முந்தி. ஆக, போட்டபோது பொய் இல்லை. அவருக்குத் தெரிய வந்தது இந்தப் பதினோரு வினாடியில்தான். அன்றே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஆறு தாளையும் திருத்தி, அரை மதிப்பெண் விடாமல் கூட்டி, வட்டமிட்டிருக்கிறார். மறுநாள் தேர்வுத்துறைக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுதிக் கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும், தாளில் தான் எழுதியதைக் காட்ட வேண்டும், சிரிப்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருப்பார். பயந்த மனிதர். என் கோபம் குறையவில்லை, ஆனால் அந்தப் பதினோரு வினாடியைக் கேட்ட பிறகு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருப்பது பெரிய இம்சை.

அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிசுபிசுத்த டேப்பை அடிக்கடி ஓட்டக் கூடாது, கம்ப்யூட்டரில் ஏற்றியதைப் போட்டேன். கேட்டு முடித்து, "அதனாலதான் எழுந்து நின்னாரா" என்றார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. "டாக்டர், நீங்க அன்னைக்குக் கொடுத்த தாள் எங்கிருந்து எடுத்தது?" என்று கேட்டேன்.

"அப்பா மேஜையில ஒரு கட்டு இருந்துச்சு. மேல இருந்ததை உருவினேன்" என்று உற்சாகமாக ஆரம்பித்தார். "அட்டை மட்டும் தடிமனா இருந்துச்சா, அதை நான் கிழிச்சு வச்சுக்கிட்டேன், பூனை வரைய."

அக்கா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "அந்தப் பூனை எங்க?"

பூனை அக்காவின் அறையிலேயே இருந்தது. குழந்தை வரைந்த படங்களை எல்லாம் தனியாக எடுத்து, 'குடும்பத்தாரிடம் திருப்பித் தர' என்று எழுதி, வாசல் பக்கம் ஒரு பெட்டியில் வைத்திருந்தோம். இன்னும் ஒரு வாரத்தில் அது வெளியே போயிருக்கும். பல் டாக்டரம்மாவே தரையில் உட்கார்ந்து தேடி எடுத்தார். மூன்று காலும் மிக நீண்ட வாலும் உள்ள பூனை. அட்டையைத் திருப்பினால் பல்கலைக்கழகத்தின் பெயர், தாளின் பெயர், பதிவு எண். அக்கா தன் கைப்பையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதைக் கையோடு வைத்திருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இரண்டு எண்ணும் ஒன்று.

முழுக் கதையையும் நான் சொன்னேன். டேப்பையும் போட்டேன். பல் டாக்டரம்மாவின் கலகலப்பு போன இடம் தெரியவில்லை. "நான்தானே எடுத்துக் கொடுத்தேன்" என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா அதை எல்லாக் கூட்டத்துலயும் பெருமையா வேற சொல்லிட்டு வந்தேன்."

"தாள் கேட்டாங்க, தாள் கொடுத்தீங்க. ஆறு வயசுல வேற என்ன தெரியும்?" என்றார் அக்கா. "திருப்பிப் பார்த்தவர் அவரு. பார்த்துட்டுச் சும்மா இருந்ததும் அவரு. உங்களுக்கு இதுல பங்கு கிடையாது."

"நீங்க அப்பாவைத் திட்டுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"திட்டணும்தான். அவரு இல்லையே, அதான் கஷ்டமா இருக்கு."

பல் டாக்டரம்மா நேராக மாடிக்குப் போனார். பல்லைப் பிடுங்கிப் பழகிய கை. மாட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் தெரியும்படி கண்ணாடி போட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் பதினாலு பெட்டியையும் திங்கட்கிழமை வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டார். தலைமை நூலகருக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது.

தேர்வுத்துறைக்கும் எழுதிப் போட்டோம். அங்கிருந்து வந்த பதிலை நான் என் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். விதிப்படி விடைத்தாள்கள் மூன்று வருடத்தில் அழிக்கப்பட்டுவிடும், எனவே தாங்கள் குறிப்பிடும் விடைத்தாள் தற்போது இல்லை, இல்லாத விடைத்தாளுக்கு மதிப்பெண் வழங்க இயலாது. அக்கா படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டு எழுதல" என்றார்.

பட்டியல் எழுதுகிற வேலை அவருடையது. பென்சிலைச் சீவிக்கொண்டு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். 'முன்பக்கம்: இசைக் கோட்பாடு, மூன்றாம் ஆண்டுத் தேர்வு விடைத்தாள், ஆறு தாள், மதிப்பெண் 71.' அதற்குப் பக்கத்தில் தன் முழுப் பெயர். 'பின்பக்கம்: நடை, பேராசிரியரின் கையெழுத்துப் பிரதி.' தலைமை நூலகர் நெளிந்தார். இசை முன்னால் வரக் கூடாதா என்றார். "முதல்ல எழுதினதுதான் முன்பக்கம். நம்ம விதி அது" என்றார் அக்கா. விதி அப்படித்தான் சொல்கிறது, நான் எடுத்துப் பார்த்தேன்.

படத்தை அன்று சாயங்காலம் அவரே திருப்பி நேராக மாட்டினார். ஏன் என்று கேட்டேன். "முகத்தைப் பார்த்துட்டே இருக்கட்டும்" என்றார். யார் யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அக்காவின் கண் முன்னால் இருந்தது விழாவும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆறு தாளையும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்த பிறகு ஒரு வாரம் அது மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டால், "பசை காய்ச்சணும்" என்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்து ஏறிக்கொண்டார்.

அண்ணன் முன்னறையில் தரையில் உட்கார்ந்து மேஜை மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகலமான தோள், தலையில் ஒரு முடி கிடையாது. "வா" என்றார் தங்கையிடம். என்னைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்றார். அண்ணி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் அக்கா ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார். பிரதியை மட்டும் எடுத்து நீட்டினார். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

மேலே இருந்தது அட்டையின் பிரதி. எண்ணைப் பார்த்தார். அடுத்த தாளைப் பார்த்தார். "கண்ணாடிய எடு" என்றார் அண்ணியிடம். கண்ணாடி வந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இது உன் எழுத்து."

"ஆமாண்ணா."

"இது அந்தப் பரீட்சை."

"ஆமா."

கதையை நான்தான் சொன்னேன், அக்காவால் முடியவில்லை. இடையில் அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், கடைசித் தாளில் நின்றார். விரலால் அந்த வட்டத்தைத் தொட்டார். பிரதியில் அது கறுப்பாகத்தான் இருந்தது, நான் சிவப்பு என்று சொல்லியிருந்தேன். நான் சொல்லி முடித்த பிறகும் அந்த விரல் அங்கேயே இருந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுபத்தொண்ணு" என்றார் அண்ணன். "மீதி இருபத்தொம்பது எங்க போச்சு?"

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. அண்ணன் அவரைப் பார்க்காமல் தாளைத் திருப்பினார். "பின்னாடி என்ன கோடு கோடா?"

"பேராசிரியர் எழுதினதுண்ணா. வருஷா வருஷம் பட்டமளிப்பு விழாவுல வாசிப்பாங்களே, அது."

"அது கிடக்கட்டும்" என்றார் அவர். ஆறு தாளையும் ஒழுங்காக அடுக்கி, எங்கள் பல்கலைக்கழகத்தின் பெருமை தரையைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டார். மின்விசிறியை ஒரு பக்கம் நகர்த்தி, தங்கைக்கு எதிரே நேராக உட்கார்ந்தார்.

"சரி. முதல் கேள்விக்கு என்ன எழுதின, சொல்லு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.